ஏஐ குடுத்த கமாண்ட அப்படியே ஓட்டலாமா? தமிழ்ல பேர் வச்ச ஃபைல் தேடினா பாதிதான் வருது

புரூஃப்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சின்ன பதிப்பகத்துல லேஅவுட், மெய்ப்பு, ஃபைல் பாத்துக்குறதுன்னு கைக்கு வந்ததெல்லாம் செய்ற ஆளு. கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது, உபுண்டு நானா நோண்டி கத்துக்கிட்டது, டெர்மினல்ல சிடி எல்எஸ் சிபி வரைக்கும் தைரியமா போவேன், அதுக்கு மேல கொஞ்சம் பயம்தான். (போன்லேருந்து டைப் பண்றேன், கீபோர்டு மாத்தி மாத்தி போட முடியல, கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதிட்டேன், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.)

விஷயம் என்னன்னா எங்ககிட்ட முன்னாடி லேஅவுட் பண்ணவர் ஒரு பழைய மேக்ல எல்லா புக்கோட ஃபைலும் வச்சிருந்தாரு. அத மொத்தமா ஆர்சிங்க் (ஒரு மெஷின்லேருந்து இன்னொண்ணுக்கு ஃபைல் காப்பி பண்ற டூல்) போட்டு ஆபீஸ் உபுண்டு மெஷினுக்கு கொண்டுவந்தோம். பேரெல்லாம் தமிழ்லதான் இருக்கும், கோயில் சிற்பங்கள் இறுதி, சிறுகதைத் தொகுப்பு 3 இந்த மாதிரி. இப்ப ஃபைண்ட் (ஃபைல் தேடுற கமாண்ட்) போட்டு கோயில்னு தேடினா பாதி ஃபைல்தான் வருது. மீதி கண்ணு முன்னாடி ஃபோல்டர்ல உக்காந்திருக்கு, எல்எஸ் போட்டா தெரியுது, ஃபைண்ட் மட்டும் இல்லவே இல்லங்குது. தொகுப்புன்னு தேடினாலும் இதே கதை. ஆனா கட்டுரை, நாவல்னு தேடினா எல்லாம் ஒழுங்கா வருது, அதான் மண்டைய பிச்சுக்கிறேன்.

ஏஐ கிட்ட கேட்டேன். மொதல்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து பிரச்சனையா இருக்கும், ஐநேம் போட்டு தேடுங்கன்னு சொல்லிச்சு, தமிழ்ல அது எங்க இருக்கு! அப்புறம் லொகேல் மாத்த சொல்லிச்சு, மாத்தினேன், ஒண்ணும் ஆகல. கடைசியா இது யூனிகோட் நார்மலைசேஷன் பிரச்சனைன்னு சொல்லி நீளமா ஒரே லைன் குடுத்துச்சு. ஃபைண்ட் புள்ளி, அப்புறம் எக்ஸெக், அதுக்குள்ள பாஷ் மைனஸ் சி, அதுக்குள்ள எம்வி (பேர் மாத்துற கமாண்ட்), அதுக்குள்ள எக்கோ பண்ணி யூகான்வ்னு எழுத்து வகைய மாத்துற ஒண்ணுக்கு பைப். இத ஓட்டினா எல்லா ஃபைல் பேரும் சரியாயிடும்னு ரொம்ப உறுதியா சொல்லுது.

ஓட்டலாமா வேணாமா? பதிப்பகத்தோட பழைய புக்கு அத்தனையும் அந்த ஃபோல்டர்லதான் இருக்கு. எக்ஸ்டர்னல் டிஸ்க்ல பேக்கப் இருக்கு, ஆனா அது போன தீபாவளிக்கு முன்னாடி எடுத்தது. பொதுவாவே இந்த மாதிரி ஏஐ குடுக்குற கமாண்ட நீங்கல்லாம் எப்படி செக் பண்றீங்கன்னும் தெரிஞ்சுக்கணும்.


சுடலை_ரூட்

தம்பி, மொதல்ல அந்த லைன ஓட்டாதீங்க. முன்ன பின்ன அஞ்சு வார்த்த படிச்சா புரியாத லைன ரூட் பாஸ்வேர்டு இருக்குற மெஷின்ல போடக்கூடாது, அத ஏஐ குடுத்தா என்ன மாமா குடுத்தா என்ன.

ஃபைண்ட்னு ஒண்ணு இருக்கே அது பாக்கத்தான் சாது. மைனஸ் டெலீட்ட மைனஸ் நேமுக்கு முன்னாடி எழுதினீங்கன்னா பேர பாக்காமயே கீழ இருக்குறத எல்லாம் அழிச்சுட்டு போயிரும், ஏன்னா அது இடதுலேருந்து வலதா ஒவ்வொண்ணா பாத்துட்டே வரும், டெலீட் மொதல்ல வந்தா மொதல்ல டெலீட்தான். மேன் பேஜ்லயே (கமாண்டோட கூடவே வர்ற கையேடு) எச்சரிக்க போட்டுருக்கான், எவன் படிக்கான். இதுல ஏஐ வேற, இல்லாத ஆப்ஷன இருக்குன்னு சொல்லும், கேட்டா மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு இன்னொரு இல்லாத ஆப்ஷன் குடுக்கும். மேன் பேஜ் படிங்க. வேற வழி கிடையாது.


கொங்கு_பெங்குவின்

ஏனுங்க, ஏஐ கடைசியா சொன்ன காரணம் சரிதானுங்க. அது குடுத்த வைத்தியம்தான் மோசம், ரெண்டையும் பிரிச்சு பாக்கோணும்.

உங்க கேள்வியிலயே பதில் இருக்குதுங்க. கோயில், தொகுப்பு ரெண்டும் மாட்டுது, கட்டுரை நாவல் மாட்டல. முன்னது ரெண்டுலயும் ஒகரக் குறி ஓகாரக் குறி இருக்குது, பின்னதுல இல்ல. யூனிகோட்ல கோ எழுத ரெண்டு வழி இருக்குதுங்க. க போட்டு அதுக்கப்புறம் ஓகாரக் குறி முழுசா ஒரே எழுத்தா போடலாம். இல்லைன்னா க, அப்புறம் ஏகாரக் கொம்பு தனியா, அப்புறம் கால் தனியான்னு மூணா போடலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா உள்ளார மொதல் வழியில அந்த குறிக்கு 3 பைட், ரெண்டாவது வழியில 6 பைட். மொதல் வகைக்கு என்எஃப்சி, ரெண்டாவதுக்கு என்எஃப்டின்னு பேரு. தமிழ்ல இது கொ கோ கௌ வகைக்கும், தனி ஔ எழுத்துக்கும் மட்டும்தான் வரும், வேற எதுக்கும் வராது. அதனாலதான் பாதி ஃபைல் ஒழுங்கா வருது.

மேக்ல பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் எப்படின்னா நீங்க எப்படி டைப் பண்ணாலும் பேர பிரிச்சு ரெண்டாவது வகையிலதான் எழுதி வச்சுக்கும். லினக்ஸ் அப்படியில்லீங்க, அதுக்கு ஃபைல் பேருன்னா வெறும் பைட் வரிசை, ஒரு பைட் மாறினாலும் அது வேற ஃபைல். நீங்க உபுண்டுல கீபோர்டுல அடிக்கிற கோ மொதல் வகை, டிஸ்க்ல இருக்குற கோ ரெண்டாவது வகை, பின்ன எப்படி பொருந்தும்.

நம்பிக்கை இல்லைன்னா ஒரு ஃபைல எடுத்து எல்எஸ் அவுட்புட்ட ஹெக்ஸ்டம்ப்புக்கு (பைட்ட எண்ணா காட்டுற கமாண்ட், மைனஸ் பெரிய சி போட்டு) பைப் பண்ணி பாருங்க, அதே பேர கையால டைப் பண்ணி எக்கோ போட்டு அதையும் ஹெக்ஸ்டம்ப் பண்ணுங்க, வித்தியாசம் கண்ணுல தெரியும்.


காலேஜ்_பாஷ்

எதுக்குண்ணே இவ்ளோ கஷ்டம், கிளாட் கோட் இல்ல ஜெமினி சிஎல்ஐ மாதிரி ஏஐ டூல் எதையாச்சும் டெர்மினல்லயே இன்ஸ்டால் பண்ணி அந்த ஃபோல்டர்ல விட்டுருங்க, அதுவே எல்எஸ் போட்டு பாத்து அதுவே ஸ்கிரிப்ட் எழுதி முடிச்சு குடுத்துரும். காப்பி பேஸ்ட் காலமெல்லாம் போச்சு


டெர்மினல்_அக்கா

அந்த லைன பிரிச்சு பாப்போம், ஏன்னா ஓட்டாதேன்னு சொன்னா மட்டும் போதாது ஏன்னு தெரிஞ்சாதான் அடுத்த தடவ நீங்களே கண்டுபிடிப்பீங்க.

நீங்க சொன்ன மாதிரி ஃபைண்ட், எக்ஸெக், எம்வின்னு இருந்தா அதுல மூணு குழி இருக்கு தம்பி. முழு பாதையையும் யூகான்வ் வழியா மாத்துது, அதாவது ஃபைல் பேரோட சேத்து மேல இருக்குற ஃபோல்டர் பேரும் மாறுது. ஃபோல்டர் பேரு பழைய வகையில இருந்தா, மாத்தின பாதையில அப்படி ஒரு ஃபோல்டரே இருக்காது, எம்வி எரர் அடிக்கும். இது பரவால்ல, கத்திட்டு நிக்கும், சேதம் இல்ல. அடுத்தது ஃபைண்ட் மேலேருந்து கீழ போகும், ஃபோல்டர் பேர மொதல்ல மாத்திட்டு அப்புறம் பழைய பேர்லயே உள்ள போகப்பாக்கும், அதுவும் எரர். டெப்த்னு ஒரு ஆப்ஷன் போட்டு கீழேருந்து மேல வரவைக்கணும், ஃபைலோட கடைசி பேர மட்டும்தான் மாத்தணும். இதெல்லாம் அந்த லைன்ல இல்ல.

மூணாவதுதான் ஆபத்து. நீங்க உபுண்டுக்கு வந்தப்புறம் ஏதாவது ஃபைல திறந்து திருத்தி அதே பேர டைப் பண்ணி சேவ் பண்ணியிருந்தா இப்ப ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கும், மேக்லேருந்து வந்த பழசு ஒண்ணு, நீங்க திருத்தின புதுசு ஒண்ணு. அந்த எம்வி ஓடுச்சுன்னா பழசு புதுசு மேல ஏறி உக்காந்துரும். ஒரு கேள்வி கேக்காது, ஒரு எரர் வராது, நீங்க திருத்தின மெய்ப்பு போயிடும். அதுவே ஃபோல்டரா இருந்தா இன்னும் வேடிக்கை, ஒண்ணுக்குள்ள ஒண்ணா போய் உக்காந்துக்கும்.

இதுக்குன்னே கன்வ்எம்வின்னு ஒரு டூல் இருக்கு, உபுண்டுல ஏபிடி இன்ஸ்டால் பண்ணா வந்துரும். எனக்கு அதுல பிடிச்சதே, சும்மா ஓட்டினா அது எதையும் மாத்தாது, எதை எதுவா மாத்தப்போறேன்னு காட்டிட்டு நிறுத்திடும். ரெண்டு மைனஸ் போட்டு நோடெஸ்ட்னு தனியா சொன்னாதான் நிஜமா மாத்தும். அதே பேர்ல ஏற்கனவே ஃபைல் இருந்தா மேல எழுதாது. கன்வ்எம்வி, மைனஸ் எஃப் யூடிஎஃப்8, மைனஸ் டி யூடிஎஃப்8, மைனஸ் மைனஸ் என்எஃப்சி, மைனஸ் ஆர், ஃபோல்டர் பேரு. அவ்ளோதான். நோடெஸ்ட் இல்லாம மொதல்ல ஓட்டி அவுட்புட்ட ஒரு ஃபைல்ல சேமிச்சு நிதானமா படிங்க.

அதுக்கும் முன்னாடி புது பேக்கப் எடுத்துருங்க, தீபாவளி பேக்கப்ப நம்பாதீங்க. ஒத்திகை பாக்கணும்னா சிபி மைனஸ் ஏஎல் போட்டு பக்கத்துல இன்னொரு ஃபோல்டரா ஹார்ட் லிங்க் காப்பி எடுங்க, டிஸ்க் இடம் பெருசா எடுக்காது, அதுல பேர என்ன மாத்தினாலும் ஒரிஜினல் ஃபோல்டர்ல பேர் மாறாது. ஒரே பார்ட்டிஷன்ல இருக்கணும், ஈஎக்ஸ்டி4 மாதிரி இருக்கணும், எக்ஸ்ஃபேட் பென்டிரைவ்ல நடக்காது. ஆனா அந்த காப்பிய பேர் மாத்திப் பாக்க மட்டும்தான் வச்சுக்கணும், உள்ள ஃபைல திறந்து எடிட் பண்ணக்கூடாது, ரெண்டும் ஒரே டேட்டா.


சுடலை_ரூட்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா பாருங்க, இத்தனையும் சொன்னது மனுஷிதான், ஏஐ இல்ல. நான் சொல்ல வந்ததும் அதான்.


டெர்மினல்_அக்கா

சுடலை அண்ணே, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இதுல வேற கருத்து. மேன் பேஜ் படின்னு சொல்றது சுலபம், ஃபைண்டோட மேன் பேஜ் எவ்ளோ நீளம்னு உங்களுக்கே தெரியும், அதுவும் எப்படிப்பட்ட இங்கிலீஷ்ல இருக்குன்னும் தெரியும். தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பசங்க எத்தன பேரு அத பாத்துட்டு டெர்மினல மூடிட்டு போயிருக்காங்க. இப்ப அந்த பக்கத்துலேருந்து ஒரு பத்திய எடுத்து ஏஐ கிட்ட போட்டு தமிழ்ல விளக்குன்னா விளக்குது, உதாரணம் கேட்டா குடுக்குது, புரியலன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் சலிக்காம திரும்ப சொல்லுது. நம்ம குரூப்புல அந்த நேரத்துல பதில் சொல்ல ஆள் கிடையாது, பகல்ல இருந்தாலும் கேட்டவங்கள ஒரு அதட்டு அதட்டிட்டுதான் பதில் சொல்லுவோம் (உங்கள சொல்லல).

சரி, தம்பி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வரேன். நான் செய்யச்சொல்லி கேக்குறதுக்கு முன்னாடி காட்டச்சொல்லி கேப்பேன். எதையும் மாத்தாம எந்தெந்த ஃபைல் மாட்டும்னு லிஸ்ட் மட்டும் காட்டுற கமாண்ட குடுன்னு கேட்டா பாதி ஆபத்து அங்கயே போயிடும். எம்விக்கு முன்னாடி எக்கோ போடலாம், ஆர்சிங்குக்கு மைனஸ் என் இருக்கு, நிஜமா எதையும் செய்யாம என்ன செய்யும்னு மட்டும் காட்டும். அப்புறம் என் மெஷின் என்னன்னு முழுசா சொல்லிடுவேன், ஏன்னா அதுக்கு தெரியாது, இணையத்துல எது அதிகமா இருக்கோ அத வச்சு குடுக்கும். ரீநேம்னு ஒரு கமாண்ட் இருக்கே, உபுண்டுல அது பெர்ல்ல எழுதினது, ஃபெடோரால அதே பேர்ல இருக்குறது யூட்டில் லினக்ஸோடது, எழுதுற முறையே வேற. ஃபைலுக்குள்ள எழுத்த மாத்துற செட் (sed) கமாண்டுக்கு மைனஸ் ஐ லினக்ஸ்ல ஒரு மாதிரி, மேக்ல பக்கத்துல காலி கொட்டேஷன் போடணும். இதுல ஏஐ அடிக்கடி தடுமாறும், பாதி நமக்கு பாதி அவனுக்குன்னு கலந்து குடுக்கும்.

இன்னொண்ணு கேப்பேன், இந்த கமாண்ட் எப்பல்லாம் தப்பா போகும்னு. இத கேட்டதும் அதுவே ஃபைல் மேல ஃபைல் எழுதப்படலாம், பேர்ல இடைவெளி இருந்தா உடையும்னு சொல்லும். கேக்காம சொல்லாது, கேட்டா சொல்லும். அது சொன்ன ஒவ்வொரு ஆப்ஷனையும் மைனஸ் மைனஸ் ஹெல்ப் போட்டு நிஜமாவே இருக்கான்னு பாத்துடுவேன், கமாண்ட பிரிச்சு விளக்குற எக்ஸ்ப்ளெயின்ஷெல் சைட்லயும் போட்டு பாக்கலாம். ஸ்கிரிப்டா குடுத்தா ஷெல்செக்ல (ஸ்கிரிப்ட்ல தப்பு கண்டுபிடிக்கிற டூல்) ஓட்டாம விடமாட்டேன்.

அண்ணே ஒண்ணு யோசிங்க, 2015 ஜனவரில ஸ்டீம்ங்குற கேம் புரோகிராமோட லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஒருத்தரோட ஃபைல் பூரா அழிச்சுதே ஞாபகம் இருக்கா? ஃபோல்டர் பேர் இருக்க வேண்டிய வேரியபிள் காலியா போயிருச்சு, ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் (கேக்காம எல்லாத்தையும் அழிக்கிற கமாண்ட்) ரூட்டுலேருந்து ஆரம்பிச்சுருச்சு. அந்த லைனுக்கு மேலயே எழுதினவரு பயமா இருக்குங்குற மாதிரி கமென்ட் வேற போட்டு வச்சிருந்தாரு. ஏஐ எழுதினதில்ல, மனுஷன் எழுதினது. இப்ப ஷெல்செக் அந்த மாதிரி லைன பாத்தா கத்தும்.


கொங்கு_பெங்குவின்

காலேஜ் தம்பிக்கு ஒண்ணு சொல்லிக்கிறேனுங்க. டெர்மினலுக்குள்ளயே ஓடுற அந்த டூலுங்க நானும் வச்சிருக்கேன், நல்லாதான் இருக்குது, ஒரு லாக் ஃபைல் படிச்சு சொல்றதுக்கெல்லாம் அருமையா இருக்குது. கமாண்ட் ஓட்டறதுக்கு முன்னாடி ஓட்டட்டுமான்னு கேக்கும், அதுதான் பாதுகாப்பு. ஆனா பத்து தடவ சரி சரின்னு அழுத்தினா பதினொண்ணாவது தடவ படிக்காமயே அழுத்துவோமுங்க, மனுஷ புத்தி அப்படி. கேக்காமயே எல்லாத்தையும் ஓட்டற மோடு வேற இருக்குது, ஜெமினி சிஎல்ஐல அதுக்கு யோலோன்னே பேரு வச்சிருக்காங்க, கிளாட் கோட்ல அந்த ஆப்ஷன் பேர்லயே டேஞ்சரஸ்லின்னு வருது. பேரு வச்சவங்களே சொல்லிட்டாங்க, பொறகு நாம என்ன சொல்ல. போட்டே ஆகோணும்னா மெயின் சிஸ்டத்துலேருந்து பிரிச்சு வச்ச ஒரு கன்டெய்னருக்குள்ளயோ விர்ச்சுவல் மெஷின்லயோ காப்பி ஃபோல்டர வச்சு போடுங்க.

புரூஃப் தம்பிக்கு இது இன்னும் முக்கியமுங்க. உங்க ஃபோல்டர்ல வெளிவராத புக்கோட கையெழுத்துப்படி இருக்கும். அந்த டூல் ஃபைல திறந்து படிச்சா அந்த எழுத்து வெளிய ஒரு சர்வருக்கு போகுது. எழுத்தாளருங்கள கேக்காம அனுப்பலாமான்னு உங்க ஆபீஸ்ல பேசிக்கோங்க. ஒல்லாமா போட்டு உங்க மெஷின்லயே ஒரு சின்ன மாடல் ஓட்டலாம், புத்தி கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா ஒண்ணும் வெளிய போகாது.


காலேஜ்_பாஷ்

யோலோ மேட்டர் ஓகே ஒத்துக்கிறேன், கையெழுத்துப்படி இருக்கும்னு யோசிக்கல


புரூஃப்_தம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, கொங்கு அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன்.

ஹெக்ஸ்டம்ப்ல பாத்தா அப்படியே ரெண்டு வகை. அந்த ரெண்டு ஹெக்ஸ்டம்பையும் ஏஐ கிட்ட போட்டேன், பேர டைப் பண்ணி கேட்டப்ப ஐநேம் போடுன்னு உளறினது இப்ப ஒரே தடவைல இந்த எடத்துல ஓகாரம் ரெண்டா பிரிஞ்சிருக்குன்னு பைட் பைட்டா காட்டிச்சு. அப்புறம் இந்த கமாண்ட் எப்ப தப்பாகும்னு அக்கா சொன்ன கேள்விய அதே பழைய லைனுக்கு கேட்டேன், மேல எழுதிடும், எம்விக்கு மைனஸ் என் (ஏற்கனவே இருக்குற ஃபைல் மேல எழுதாதேங்குற ஆப்ஷன்) போட்டிருக்கணும்னு சொல்லுது! மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல.

புது டிஸ்க்ல பேக்கப் எடுத்துட்டு கன்வ்எம்விய நோடெஸ்ட் இல்லாம ஓட்டினேன். நீளமா லிஸ்ட் வந்துச்சு, அதுல அக்கா பயந்த கேஸ் நிஜமாவே இருக்கு, ஒரே பேர்ல ரெண்டு ரெண்டா ஒரு ஏழெட்டு ஃபைல். அதுல ஒண்ணு இப்ப பிரஸ்ஸுக்கு போக ரெடியா இருக்குற புக்கு. அதையெல்லாம் கையால திறந்து பாத்து பழசுக்கு கடைசில மேக்னு பேர் சேத்து வச்சுட்டேன், அப்புறம்தான் நோடெஸ்ட் போட்டு ஓட்டினேன். இப்ப கோயில்னு தேடினா எல்லாம் வருது.

ஒரே ஒரு சின்ன டவுட். பழைய லேஅவுட் அண்ணன் இன்னும் அந்த மேக்லதான் அட்டை வேலை எல்லாம் பண்ணி அனுப்புறாரு. ஒவ்வொரு தடவையும் ஆர்சிங்க் போட்டு எடுத்தா திரும்ப இதே பிரச்சனை வருமா? ஏஐ சொல்லுது ஆர்சிங்க்ல ஐகான்வ்னு ஒரு ஆப்ஷன் இருக்காம், இருக்கா இல்ல இதுவும் கற்பனையா?


சுடலை_ரூட்

இருக்கு தம்பி, அது கற்பனை இல்ல. ஆர்சிங்க் 3.0லேருந்து வந்துச்சு. உபுண்டு பக்கத்துலேருந்து நீங்க இழுக்குறதா இருந்தா மைனஸ் மைனஸ் ஐகான்வ் ஈக்வல் யூடிஎஃப்-8 கமா யூடிஎஃப்-8-மேக்னு குடுக்கணும். மொதல்ல வர்றது நீங்க உக்காந்திருக்குற மெஷின், ரெண்டாவது எதிர்ல இருக்குற மெஷின், இழுத்தாலும் தள்ளினாலும் அந்த வரிச மாறாது. மேக்லேருந்து அவரு தள்ளினா அவரு மாத்தி எழுதணும்.

ஆனா இத ஏஐ சொல்லியிருக்காது பாருங்க, அந்த பழைய மேக்ல கூடவே வர்ற ஆர்சிங்க் 2.6.9, அதுல இந்த ஆப்ஷனே கிடையாது. ரெண்டு பக்கமும் 3க்கு மேல இருக்கணும். அவர ஹோம்ப்ரூ (மேக்ல புரோகிராம் இன்ஸ்டால் பண்ற டூல்) வழியா புது ஆர்சிங்க் போடச்சொல்லுங்க, போட்டப்புறம் ஆர்சிங்க் மைனஸ் மைனஸ் வெர்ஷன் அடிச்சு எது ஓடுதுன்னு பாத்துக்கச் சொல்லுங்க, புதுசு போட்டும் பழசுதான் ஓடும் சில நேரம், பாத் வரிசையால (கமாண்ட எந்தெந்த ஃபோல்டர்ல தேடணுங்குற வரிச). நீங்க எஸ்எஸ்எச்ல இழுக்கும்போதும் அந்தப் பக்கம் எது எந்திரிக்குதுன்னு சந்தேகம் இருந்தா ஆர்சிங்க் பாத்னு ஒரு ஆப்ஷன்ல முழு பாதைய குடுத்துருங்க. மொதல்ல அக்கா சொன்ன மைனஸ் என் ஆப்ஷன் போட்டு ஓட்டிப் பாருங்க.